ஐரோப்பிய ஒன்றிய இளைஞர் சிம்பொனி இசைக்குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எத்தகைய இசைக்குழு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அனைத்திலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படும் 16 முதல் 26 வயது வரையிலான இளம் கலைஞர்கள், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஒன்றுகூடி, மேற்கத்தியச் செவ்வியல் இசையின் பெரும் படைப்புகளை ஒத்திகை பார்த்து, நாடு நாடாகச் சென்று வாசிக்கும் முழு அளவிலான சிம்பொனி இசைக்குழு இது. முழுப் பட்டியலில் ஏறத்தாழ 140 பேர் இருப்பார்கள். 1976 இல் ஒரு நாடாளுமன்றத் தீர்மானமாகப் பிறந்து, 1978 இல் முதல் இசைப் பயணத்துக்குப் புறப்பட்டது. நிரந்தர உறுப்பினர் என்று எவரும் இதில் கிடையாது. சென்ற ஆண்டு முதல் வயலின் வரிசையின் முன் நாற்காலியில் அமர்ந்தவரும் இந்த ஆண்டு மறுபடி வாசித்துக் காட்டித்தான் உள்ளே வரவேண்டும்.

வயது ஒரு வேலி, கடவுச்சீட்டு இன்னொரு வேலி. இந்தக் குழுவின் வரலாற்றில் சொல்லத்தக்கவை பலவும் இந்த இரண்டு வேலிகளின் ஓரத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

இதைத் தொடங்கியவர்கள் யார்?

லயனல் பிரையர், ஜாய் பிரையர் என்ற தம்பதியர். 1960களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் தொடங்கி, பின்னர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு இடம்பெயர்ந்த பன்னாட்டு இளைஞர் இசைக்குழு விழாவை நடத்தியவர்கள் அவர்கள். வெவ்வேறு நாடுகளின் இளைஞர் குழுக்கள் தத்தம் நடத்துநருடன் (கையில் கோலோடு நின்று குழுவை வழிநடத்துபவர்) வந்து வாசித்த விழா அது. அங்கிருந்து பார்த்தால், நாட்டுக்கொரு குழுவாக அழைப்பதை விட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தின் அன்றைய ஒன்பது நாட்டுப் பிள்ளைகளையும் ஒரே மேடையில் கலந்து உட்காரவைப்பது அடுத்த படி. ஆனால் விழா நடத்துவதற்கும் நிலையான ஓர் அமைப்பை உருவாக்குவதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரத்தைக் கடக்க அவர்கள் நாடியது ஐரோப்பிய நாடாளுமன்றத்தை. 1976 மார்ச் மாதத்தில், ஐரோப்பியச் சமூகத்துக்கென ஓர் இளைஞர் இசைக்குழு அமைவதை ஆதரித்து அந்த மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

அந்தத் தீர்மானத்தை இன்று படிக்கிறவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, அப்போதைய ஐரோப்பிய நாடாளுமன்றம் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மன்றம் அன்று. முதல் நேரடித் தேர்தல் 1979 ஜூன் மாதத்தில்தான் நடந்தது. மற்றொன்று, நிலக்கரி, எஃகு, வேளாண்மை, சுங்கவரி ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசிய அக்கால ஒப்பந்தங்கள், பண்பாட்டுத் துறையில் செயல்படும் அதிகாரத்தை ஐரோப்பியச் சமூகத்துக்குத் தரவே இல்லை. அந்த அதிகாரம் 1992 இல் கையெழுத்தாகி 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் வழியாகத்தான் கிடைத்தது. ஆகவே பண்பாட்டுக்கென்று சட்ட அடிப்படை இல்லாத ஓர் அமைப்பு, அந்த அடிப்படை கிடைப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே தன் பெயரில் ஓர் இசைக்குழுவை ஏற்றுக்கொண்டது. இது துணிச்சலான செயல்தான். அதே சமயம், குழுவின் நிதி நிலை பின்னாளில் ஆட்டங்கண்டதற்கான விதையும் இங்கேயே கிடந்தது என்று கருத இடமிருக்கிறது.

பிரிட்டனின் முன்னாள் பிரதமருக்கு இதில் என்ன வேலை?

எட்வர்ட் ஹீத் 1970 முதல் 1974 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். 1973 ஜனவரி 1 அன்று தம் நாட்டை ஐரோப்பியச் சமூகத்தில் சேர்த்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியின் ஆர்கன் இசை உதவித்தொகை பெற்று அவர் படித்தார் என்பதும், பிரதமராக இருந்தபோதே 1971 இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றில் ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் முன்னிசை ஒன்றை நடத்தினார் என்பதும் பலருக்குத் தெரியாது. இளைஞர் இசைக்குழுவின் தலைவர் பதவியை ஏற்ற அவர், 1978 இன் முதல் பயணத்தில் இத்தாலிய நடத்துநர் கிளாடியோ அப்பாடோவுடன் தாமும் மேடையேறிக் குழுவை நடத்தினார்.

அரசியல்வாதி கோலைத் தூக்கினால் புன்னகைக்கத் தோன்றும். எனினும், தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பயனாகக் கூடிய பிள்ளைகளுக்கு முன்னால் நின்று தாளம் காட்டும் வாய்ப்பு வேறெந்தப் பிரதமருக்கும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

உலகின் முதல் இளைஞர் இசைக்குழு இதுதானா?

இல்லை. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் 1924 இலேயே இளையோர் சிம்பொனி ஒன்று அமைந்துவிட்டது. பிரிட்டனில் ரூத் ரெயில்டன் என்ற அம்மையார் நிறுவிய தேசிய இளைஞர் இசைக்குழு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உணவுப் பங்கீட்டுக் காலத்தில், 1948 இல் பாத் நகரில் முதல் நிகழ்ச்சியை வழங்கியது. வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயுவின் இளைஞர் இசைக்குழு இயக்கம் 1975 இல் தொடங்கியது. ஐரோப்பியக் குழுவின் புதுமை, பல நாடுகள் சேர்ந்த ஓர் அரசியல் அமைப்பின் எல்லைகளையே தன் எல்லைகளாக அது கொண்டதில் இருக்கிறது.

கிளாடியோ அப்பாடோவின் பங்கு எவ்வளவு?

இன்று குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எவரும் அவர் பெயரைத் தவிர்க்க முடியாத அளவுக்கு. 1933 இல் மிலான் நகரில் பிறந்த அப்பாடோ, 1978 இல் அந்நகரின் லா ஸ்காலா இசை நாடக அரங்கின் இசை இயக்குநராக இருந்தார். பின்னர் லண்டன் சிம்பொனி, வியன்னா அரசு இசை நாடக அரங்கு, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் என்று ஐரோப்பாவின் உயர்ந்த பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் தேடி வந்தன. அத்தனைக்கும் நடுவில் 1994 வரை இந்த இளைஞர் குழுவின் இசை இயக்குநர் பொறுப்பையும் அவர் வகித்தார். புகழ்பெற்ற பெயர் ஒன்றைத் தாளின் தலைப்பில் அச்சிட்டுக்கொள்ளும் ஏற்பாடாக அது இருக்கவில்லை. ஒத்திகைக்கு அவரே வந்தார்.

அவருடைய மாணவப் பருவத்தை அறிந்தால் இது வியப்பளிக்காது. வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்ற காலத்தில், பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளைப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி கிடைக்காதிருந்தது. உடன் படித்த மும்பைக்காரரான சுபின் மேத்தாவும் அப்பாடோவும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டு, புரூனோ வால்டர், கராயன் போன்றவர்கள் எப்படி ஒத்திகை நடத்துகிறார்கள் என்பதைப் பாடிக்கொண்டே கவனித்தார்கள். கற்றுக்கொள்வதற்காகப் பக்கக் கதவு வழியாக நுழைந்த ஒருவர், பிற்காலத்தில் இளைஞர்களுக்கு முன் கதவைத் திறந்துவைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஒத்திகையில் அவர் மிகக் குறைவாகவே பேசுவார் என்பதும், ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேளுங்கள் என்பதையே திரும்பத் திரும்ப வலியுறுத்துவார் என்பதும் அவருடன் வாசித்தவர்கள் பலரும் சொல்லும் செய்தி. கல்லூரிகளில் தனி வாசிப்புக்கே பயிற்சி பெற்றுவரும் இருபது வயதுக் கலைஞருக்கு இதைவிட அவசியமான பாடம் இருக்க முடியாது.

அவருக்குப் பின் பெர்னார்ட் ஹைட்டிங்க், 2000 இல் விளாடிமிர் அஷ்கெனாசி, 2015 இல் வாசிலி பெட்ரென்கோ ஆகியோர் அப்பொறுப்புக்கு வந்தனர். கராயன், பெர்ன்ஸ்டைன், பாரன்பாய்ம், ஜூலினி, ரோஸ்ட்ரோபோவிச் முதலியோர் விருந்தினராக வந்து நடத்தியிருக்கிறார்கள்.

இளைஞர் குழுக்கள் ஏன் மாலரையே விரும்பி எடுத்துக்கொள்கின்றன?

முதற்காரணம் எளிய கணக்கு. ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஆறாம் சிம்பொனிக்கு எட்டு ஹார்ன்களும் ஆறு ட்ரம்பெட்டுகளும் வேண்டும். மரக் காற்றுக் கருவிகளும் அந்த விகிதத்திலேயே பெருகும். தாளக் கருவிகளின் வரிசையில் ஒரு பெரிய மரச் சுத்தியல்கூட இடம்பெறும். மொசார்ட்டின் சிம்பொனி ஒன்றை எடுத்துக்கொண்டால், தேர்வில் வென்று தொலைதூரத்திலிருந்து வந்த டூபாக்காரரும் டிராம்போன்காரர்களும் இரண்டு வாரமும் கைகட்டி உட்கார நேரிடும். மாலர், ஸ்ட்ராவின்ஸ்கி, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ஷோஸ்டகோவிச் ஆகியோரை எடுத்துக்கொண்டால் அனைவருக்கும் வேலை இருக்கும்.

இரண்டாவது காரணம் நேரம். தொழில்முறைக் குழுவொன்று ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு அல்லது மூன்று நாட்களில் ஒத்திகையை முடித்துவிடும், ஏனென்றால் பெரும்பாலோர் அப்படைப்பை முன்பே பலமுறை வாசித்திருப்பார்கள். இளைஞர் குழுவில் பலருக்கு அது முதல் முறை. அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியே, பின்பு நரம்புக் கருவிகள் எல்லாம் சேர்ந்து, பின்பு முழுக் குழுவாக என்று நாட்கணக்கில் ஒத்திகை நடக்கும். தொழில்முறைக் குழுக்களுக்குப் பணம் இருந்தும் கிடைக்காத வசதி இது. நல்ல இளைஞர் குழுவின் மாலர், சில சமயம் பெயர்பெற்ற குழுக்களின் மாலரை விடத் துடிப்பாக ஒலிப்பதற்கு இளமையின் வேகத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். ஒத்திகை நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1985 இல் ஹிரோஷிமாவில் நடந்த நிகழ்ச்சி எது?

அணுகுண்டு வீசப்பட்டதன் நாற்பதாம் ஆண்டு நினைவையொட்டி, அமெரிக்க இசையமைப்பாளரும் நடத்துநருமான லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இந்தக் குழுவை அழைத்துக்கொண்டு அமைதிப் பயணம் ஒன்றை மேற்கொண்டார். ஏதென்ஸ், ஹிரோஷிமா, புடாபெஸ்ட், வியன்னா ஆகிய நகரங்களில் நிகழ்ச்சிகள் நடந்தன. ஜான் கென்னடியின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கிய தம் மூன்றாம் சிம்பொனி ‘காடிஷ்’ நிகழ்ச்சியின் நடுநாயகமாக இருந்தது. யூதர்கள் இறந்தோருக்காகச் சொல்லும் பிரார்த்தனையை அடிப்படையாகக் கொண்ட அந்தப் படைப்பில், கதைசொல்லி கடவுளோடு வாதாடுவார், சினங்கொள்வார். மொசார்ட்டின் வயலின் கான்செர்டோவை (தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தவர் மிடோரி என்ற ஜப்பானியச் சிறுமி. அவருக்கு அப்போது பதினான்கு வயது நிரம்பவில்லை. குழுவிலேயே பலருக்கு அவர் தங்கை வயது.

புடாபெஸ்ட் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நகரத்தில் குழு வாசிக்கலாம். ஆனால் ஹங்கேரி உறுப்பு நாடாக இல்லாததால், அந்த நகரத்து இளைஞர் எவரும் குழுவில் வாசிக்க முடியாது. இந்த முரண் அடுத்த ஆண்டே வேறொரு வடிவத்தில் தீர்வு கண்டது. அதைக் கீழே காண்க.

ஓராண்டில் இவர்கள் செய்யும் பணி எப்படிப்பட்டது?

அந்தந்த நாட்டின் இசை அமைப்புகளின் துணையோடு தேர்வுகள் நடக்கும். விண்ணப்பதாரர் ஒரு தனிப் படைப்பையும், சிம்பொனிகளிலிருந்து எடுக்கப்பட்ட கடினமான பகுதிகளையும் வாசிக்க வேண்டும். தேர்வானவர்கள், குறிப்பாகக் கோடையில், ஓரிடத்தில் தங்கி ஒத்திகை பார்ப்பார்கள். கீழ் ஆஸ்திரியாவிலுள்ள கிராஃபனெக் கோட்டை வளாகம் அண்மைக் காலத்தில் இவர்களின் கோடை இல்லமாக இருந்துவருகிறது. வடக்கு இத்தாலியின் போல்சானோ நகரிலும் பல கோடைகள் கழிந்திருக்கின்றன. முதல் நாட்களில், பெரிய இசைக்குழுக்களிலிருந்து வரும் அனுபவமிக்க ஆசிரியர்கள் பிரிவு வாரியாகப் பயிற்சி தருவார்கள். நடத்துநர் அதன் பிறகே வருவார். ஒத்திகை முடிந்ததும் பயணம்: பேருந்து, விமானம், புதிய அரங்கு, மாலையில் நிகழ்ச்சி, மறுநாள் காலை மறுபடியும் பேருந்து.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. எல்லா நாட்டிலும் ஒரே கருவி ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் படித்த கிளாரினெட் கலைஞரின் கருவியில் சாவிகளின் அமைப்பும் துளையின் வடிவும் வேறு. பிரான்சிலோ ஸ்பெயினிலோ படித்தவருடையது வேறு. ஒலியின் நிறமும் அதற்கேற்ப மாறும். ஜெர்மானிய ட்ரம்பெட்டில் சுழல் வால்வு, மற்ற பல நாடுகளில் அழுத்து வால்வு. டபுள் பாஸ் வில்லைச் சிலர் உள்ளங்கை மேலிருக்கப் பிடிப்பார்கள், சிலர் கீழிருந்து ஏந்திப் பிடிப்பார்கள். நிலையான குழுக்களில் ஒரு நாட்டு மரபு பெரும்பாலும் மேலோங்கியிருக்கும். இங்கோ, அருகருகே அமர்ந்த இருவர் இருவேறு மரபுகளிலிருந்து வந்து, பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒரே ஒலியை உண்டாக்க வேண்டும். ஐரோப்பிய ஒற்றுமை பற்றி மேடையில் ஆற்றப்படும் உரைகளைக் காட்டிலும், இரண்டு கிளாரினெட்டுகள் சுருதி சேரும்வரை ஒரு நாண்கூட்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களை) இருபது முறை திருப்பி வாசிக்கும் அந்தப் பொறுமைதான் இந்தக் குழுவின் உண்மையான சாதனை என்பது என் கருத்து.

வயது வரம்பைத் தாண்டியவர்கள் என்ன ஆகிறார்கள்?

தொடக்க காலத்தில் 14 முதல் 24 வரை என்றிருந்த வயது வரம்பு பின்னாளில் 16 முதல் 26 வரை என்று மாறியது. எப்படியாயினும் ஒரு நாள் வெளியேறத்தான் வேண்டும். பெரும்பாலோர் தத்தம் நாட்டின் தொழில்முறைக் குழுக்களில் இடம் பெறுகிறார்கள், சிலர் ஆசிரியர்களாகிறார்கள், பின்னர் இதே குழுவுக்குப் பயிற்சி தரத் திரும்புகிறவர்களும் உண்டு.

ஆனால் முதல் தலைமுறையினர் வேறொன்று செய்தார்கள். 1978 முதல் அப்பாடோவோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு, வழக்கமான குழுக்களில் மாதச் சம்பளத்துக்கு வாசிக்கும் வாழ்க்கை கசந்தது. வயது தாண்டிவிட்டது, பிரிய மனமில்லை. 1981 இல் அவர்கள் தங்களுக்குள் கூடி, ஐரோப்பியச் சேம்பர் இசைக்குழு என்ற புதிய, அளவில் சிறிய தொழில்முறைக் குழுவை நிறுவினார்கள். இளைஞர் குழுவில் அப்பாடோவின் துணை நடத்துநராக இருந்த ஜேம்ஸ் ஜட் அதற்குத் துணைநின்றார். ஓபோ கலைஞரும் பின்னாளில் நடத்துநருமான டக்ளஸ் பாய்ட் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். அந்தக் குழு நிரந்தர இசை இயக்குநரை வைத்துக்கொள்வதில்லை. எந்த நடத்துநரோடு வேலை செய்வது என்பதில் கலைஞர்களின் குரலுக்கே எடை அதிகம்.

அப்பாடோ அவர்களைக் கைவிடவில்லை. 1984 இல் இத்தாலியின் பெசரோ நகரில், நெடுங்காலம் மறைந்துகிடந்த ரோசினியின் ‘ரீம்ஸ் பயணம்’ இசை நாடகத்தை மீட்டு அரங்கேற்றியபோது அவர் அழைத்தது இந்தக் குழுவைத்தான். ஷூபர்ட்டின் சிம்பொனிகளை அவர் பதிவுசெய்ததும், நிக்கோலஸ் ஹார்னோன்கோர்ட் பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பதிவுசெய்ததும் இவர்களோடுதான். இளைஞர் இசைக்குழு எப்படிப்பட்டவர்களை உருவாக்கியது என்று கேட்டறிய விரும்புகிறவர்கள் அந்த ஷூபர்ட்டில் தொடங்கலாம்.

குஸ்தாவ் மாலர் இளைஞர் இசைக்குழு என்பது வேறா?

வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர், ஏனெனில் இரண்டிலும் அப்பாடோ இருக்கிறார். ஐரோப்பியச் சமூகத்தின் குழுவில் உறுப்பு நாட்டு இளைஞர்களுக்கு மட்டுமே இடம் என்பதால், ஆஸ்திரியர்களுக்கும் ஹங்கேரியர்களுக்கும் செக், ஸ்லோவாக் இளைஞர்களுக்கும் வழியில்லாமல் இருந்தது. மொசார்ட்டும் ஹைடனும் லிஸ்ட்டும் டுவர்ஷாக்கும் பிறந்த நிலத்துப் பிள்ளைகள் ஐரோப்பிய இசைக்குழுவில் வாசிக்க முடியாது என்பது அரசியல் வகையில் விளங்கக்கூடியது, இசை வகையில் பொருளற்றது. அப்பாடோ 1986 இல் வியன்னாவில் குஸ்தாவ் மாலர் இளைஞர் இசைக்குழுவை நிறுவி, இரும்புத்திரைக்கு அப்பாலும், அதாவது கம்யூனிச ஆட்சியிலிருந்த கிழக்கு ஐரோப்பாவிலும், தேர்வுகளை நடத்தச் செய்தார். பெர்லின் சுவர் விழுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு அது நடந்தது. 1992 முதல் ஐரோப்பா முழுவதிலுமுள்ள 26 வயது வரையிலான கலைஞர்களுக்கு அந்தக் குழு திறந்துவிடப்பட்டது.

அங்கும் அதே கதை மறுபடி நடந்தது. வயது கடந்தவர்கள் 1997 இல் மாலர் சேம்பர் இசைக்குழுவை அமைத்தார்கள். கடும் நோயிலிருந்து மீண்டு, பெர்லின் பதவியிலிருந்தும் விலகியிருந்த அப்பாடோ, 2003 இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் விழா இசைக்குழுவைப் புதிதாகக் கட்டமைத்தபோது, அதன் நடுத்தூணாக வைத்தது இந்த மாலர் சேம்பர் இசைக்குழுவைத்தான். 2014 ஜனவரியில் அவர் மறையும்வரை லூசெர்னில் வழங்கிய மாலர், புரூக்னர் நிகழ்ச்சிகளைச் செவ்வியல் இசை ரசிகர்கள் இன்றும் ஒளிப்பதிவுகளில் தேடிப் பார்க்கிறார்கள்.

பெயர் எப்போது மாறியது?

தொடக்கத்தில் ஐரோப்பியச் சமூக இளைஞர் இசைக்குழு. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்குப் பின் ஐரோப்பிய ஒன்றிய இளைஞர் இசைக்குழு. தொடங்கியபோது ஒன்பது நாடுகள். 1981 இல் கிரீஸ், 1986 இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும், 1995 இல் ஆஸ்திரியா, பின்லாந்து, சுவீடன், 2004 இல் ஒரே நாளில் பத்து நாடுகள் என்று ஒன்றியம் விரிய விரிய, நாற்காலிகளுக்கான போட்டியும் விரிந்தது. மேடையின் அளவு மட்டும் விரியவில்லை.

2016 இல் குழு மூடப்படும் என்று செய்தி வந்ததே, ஏன்?

அறிவிப்பு உண்மையாகவே வெளிவந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில், செப்டம்பர் 1 முதல் இயக்கத்தை நிறுத்தப்போவதாகக் குழுவின் நிர்வாகம் தெரிவித்தது. பல ஆண்டுகளாக, ஓர் அமைப்பு என்ற முறையில் அதன் அன்றாடச் செலவுக்கு ஒன்றியத்திடமிருந்து மானியம் கிடைத்துவந்தது. 2014 இல் நடைமுறைக்கு வந்த ‘படைப்பாற்றல்மிகு ஐரோப்பா’ என்னும் நிதித் திட்டம், இத்தகைய நிலையான மானியங்களைக் கைவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்கான திட்டங்களுக்குப் போட்டி அடிப்படையில் நிதி வழங்கும் முறைக்கு மாறியது. விண்ணப்பப் படிவங்கள் புதுமையையும் கூட்டுப்பணியையும் கேட்டன; ஆண்டுதோறும் அதே வேலையைச் செம்மையாகச் செய்துவரும் ஓர் இசைக்குழு அந்தக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒன்றியத்தின் பெயரைத் தாங்கிய குழு, ஒன்றியத்தின் விதிகளாலேயே மூடப்படும் நிலை வந்தது.

முன்னாள் உறுப்பினர்களும் இசையுலகத்தினரும் எழுப்பிய எதிர்ப்பு சில வாரங்களிலேயே ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ஜீன்-குளோட் யுங்கரை எட்டியது. அவர் தலையிட்டதால் இடைக்கால நிதி கிடைத்தது. 2018 இல் அந்த நிதித் திட்டத்தின் சட்டமே திருத்தப்பட்டு, இந்தக் குழுவுக்கு நேரடியாக நிதி வழங்க வழி செய்யப்பட்டது.

பிரிட்டன் வெளியேறியதால் நேர்ந்த மாற்றங்கள் யாவை?

நிதி நெருக்கடி தணியத் தொடங்கிய அதே 2016 ஜூன் மாதத்தின் 23 ஆம் நாள், ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்குப் பிரிட்டன் வாக்களித்தது. குழுவின் அலுவலகம் தொடக்கத்திலிருந்து லண்டனில்தான் இருந்தது. 2017 இல் இத்தாலிக்கு இடம்பெயரும் முடிவு அறிவிக்கப்பட்டது. தேர்ந்துகொண்ட நகரம் ஃபெராரா. அப்பாடோவோடு நெருங்கிய உறவு கொண்ட நகரம் அது. அங்குள்ள நகராட்சி அரங்கம் இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அலுவலகத்தை மாற்றிவிடலாம். ஆட்களை மாற்றுவது வலிக்கும். 1948 முதல் வேரூன்றிய தேசிய இளைஞர் இசைக்குழு மரபால் பிரிட்டன் தொடக்க காலத்திலிருந்தே இந்தக் குழுவுக்குத் திறமையானவர்களை ஏராளமாக அனுப்பிவந்தது. ஹீத் திறந்துவைத்த கதவு, நாற்பதாண்டுகளுக்குப் பின் அவருடைய நாட்டுப் பிள்ளைகளுக்கு மூடிக்கொண்டது. 1986 இல் ஹங்கேரியர்கள் நின்ற இடத்தில் இப்போது ஆங்கிலேயர்கள் நிற்கிறார்கள்.

அரசியல் விளம்பரத்துக்கு இசையைப் பயன்படுத்துவதாகக் குறை கூறப்படுவது சரியா?

ஓரளவு சரி. பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலிருந்து எடுக்கப்பட்ட மெட்டை 1985 இல் ஐரோப்பியத் தலைவர்கள் தங்கள் கீதமாக ஏற்றார்கள். விழாக்களில் அதை வாசிக்கும் கடமை இந்தக் குழுவுக்கும் இருக்கிறது. விளம்பரம் என்பதை மறுக்கத் தேவையில்லை. மன்னர்களும் திருச்சபையும் நகராட்சிகளும் செல்வந்தர்களும் தத்தம் பெருமைக்காகக் கொடுத்த பணத்தில்தான் ஐரோப்பிய இசை வளர்ந்தது. கேட்கவேண்டிய கேள்வி, பணம் கொடுப்பவர் வாசிப்பைக் கெடுக்கிறாரா என்பது. இங்கே அது நடந்ததாகத் தெரியவில்லை. இன்னும் வலுவான குறை ஒன்று உண்டு: நல்ல கருவியும் நல்ல ஆசிரியரும் சிறுவயதிலேயே கிடைத்த குடும்பத்துப் பிள்ளைகளே இத்தகைய தேர்வுகளில் பெரும்பாலும் வெல்கிறார்கள். வெனிசுவேலா இயக்கம் அந்தக் குறையைக் களைவதையே நோக்கமாக வைத்துக்கொண்டது. ஐரோப்பியக் குழுவுக்கு அந்த நோக்கம் முதன்மையாக இருந்ததில்லை.

ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சேர முடியுமா?

உறுப்பு நாடொன்றின் குடியுரிமை இருந்தால் முடியும். பூர்வீகம் எதுவென்று எவரும் கேட்பதில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, இத்தாலி முதலிய நாடுகளின் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தகுதியுடையவர்கள். தமிழர்கள் கணிசமாக வாழும் சுவிட்சர்லாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய மூன்றும் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால், அந்நாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு இங்கே வழியில்லை. அவர்கள் மாலர் இளைஞர் இசைக்குழுவுக்கு முயலலாம். பிரிட்டனில் பதின்பருவத்தில் இருப்பவர்களுக்கு அந்நாட்டின் தேசிய இளைஞர் இசைக்குழு இருக்கிறது.

பெற்றோர் சிலர் எண்ணுவதுபோல, கர்நாடக வயலினில் அரங்கேற்றம் செய்திருப்பது இதற்கு நேரடித் தகுதியாகாது. கருவி ஒன்றுதான் என்றாலும், தரையில் அமர்ந்து சுருள் முனையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்ளும் நம் முறையில் இடக்கை தாராளமாக வழுக்கி நகரும். தந்திகளின் சுருதி அமைப்பும் வேறு. சிம்பொனி வாசிப்புக்குத் தோளில் பிடிக்கும் முறையைத் தனியே, கூடியவரை சிறுவயதிலேயே, கற்றாக வேண்டும். அச்சிட்ட இசைக்குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பழக்கமும் இன்றியமையாதது. இரண்டையும் கற்ற பிள்ளைக்கு, கர்நாடகப் பயிற்சி தந்த செவிக் கூர்மையும் தாள உறுதியும் கூடுதல் பலம்.

எந்தக் கருவி என்பதும் வாய்ப்பைத் தீர்மானிக்கும். வயலினில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு, போட்டியும் அதற்கேற்பக் கடுமை. மேற்கத்தியப் புல்லாங்குழலுக்கு நான்கைந்து இடங்களுக்கு மேல் இருக்காது. அதைப் பயில்கிறவர்களோ ஏராளம். வயோலா, டபுள் பாஸ், பாசூன் ஆகியவற்றைப் பயில்வோர் பொதுவாகக் குறைவு. முதல் பட்டியலில் இடம் பெறாதவர்கள் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்படுவதும், பயணத்துக்கு யாரேனும் வர இயலாதபோது அவர்களுக்கு அழைப்பு வருவதும் உண்டு. ஆகையால் அந்தப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள், பயணத்தில் வாசிக்கப்படவிருக்கும் படைப்புகளைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.